'தமிழ் பேசும்': ஓர் அடைமொழியின் வரலாறு

இலங்கையின் கீழ்கரையிலே, பொத்துவிலுக்கு அணித்தாய், பிறைபோல் வளைந்து கிடக்கும் கடற்றுறைக்கு அறுகம்பே என்று பெயர். அப்பெயரின் முற்பகுதியில் அறுகு என்னும் புல்லின் பெயர் ஒலிக்கின்றது. பிற்பகுதி குடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அறுகங்குடா என்று சொல்வாரும் உளர்; எனினும், இருமொழி கலந்த பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. இரு மொழிச் சொற்கள் அடுத்தடுத்து நின்று ஒரு பெயராகிவிட்டால், பின்னர் அவற்றைப் பிரித்துப் பார்ப்பார் இலர். ஊர்ப்பெயரில் இதனால் வரும் கேடு யாதுமில்லை. ஆனால், மக்கட் கூட்டம் ஒன்றைச் சுட்டுதற்கு எழுந்த தொடரில் இரு சொற்கள் இணையுமிடத்து, அவ்விணைப்பு யாது பொருள் தருகின்றது, யாரை உள்ளடக்குகின்றது, அதனை யார் ஏற்றனர் என்னும் வினாக்கள் எழாமற் போகா.

அத்தகைய தொடர் ஒன்றே இக்கட்டுரையின் பொருள். 'தமிழ்-ஸ்பீக்கிங்' என்னும் ஆங்கில இணைச்சொல்லும், அதன் நேராய் நம் அரசியல் வழக்கிற் புகுந்த 'தமிழ் பேசும்' என்னும் அடைமொழியும், அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் தீர்மானங்களிலும் உடன்படிக்கைகளிலும் மேடைகளிலும் பயின்று வந்துள்ளன. அச்சொல்லின் வரலாற்றை ஆராய்வதற்கு அறுகம்பேயிலிருந்து கல்முனை வரையுள்ள கடற்கரையைக் காட்டிலும் தக்க களம் வேறில்லை என்பது எமது துணிபு.

அக்கரையை முதற்கண் நோக்குவோம். அறுகம்பேயை விட்டு வடக்கு நோக்கிச் செல்வோர் முதலிற் பொத்துவிலை அடைவர். அது முஸ்லிம்கள் மிகுந்த ஊர். அடுத்து வரும் கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில் என்பன தமிழர் ஊர்கள். பின்னர் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் எனப் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர்கள் தொடர்கின்றன. இடையே காரைதீவு, அது தமிழூர். அப்பால் சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் முஸ்லிம்களுடையன, பாண்டிருப்பு தமிழர்க்குரியது, மருதமுனை மீண்டும் முஸ்லிம்களுடையது. ஏறத்தாழ நாற்பது மைல் நீளமான இவ்வீதியிலே ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்குவதைக் கோபுரமும் பள்ளிவாசலும் காட்டுமேயன்றி, மக்களின் பேச்சுக் காட்டாது. தாயை ஒருவர் அம்மா என்பார், மற்றவர் உம்மா என்பார்; தந்தையை ஒருவர் அப்பா என்பார், மற்றவர் வாப்பா என்பார். இத்தகைய முறைப்பெயர்களையும் சமயச் சொற்களையும் நீக்கிவிட்டால், எஞ்சுவது பெரும்பாலும் ஒரே மட்டக்களப்புத் தமிழ்.

பேச்சு மாத்திரமன்று, சமூக அமைப்பும் அவ்வாறே. தாய்வழியாக வரும் 'குடி' என்னும் பிரிவு இப்பகுதித் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் உண்டு. ஒரே குடியிற் பிறந்தோர் தம்முள் மணம் செய்யாமையும், மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்தலும், பெண்ணுக்கு வீடு கொடுத்தலும் இருசாராரிடத்தும் காணப்படும் வழக்கங்கள். பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயிலிற் தீமிதிப்பும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பேராற் கொடியேற்றமும் நிகழ்கின்றன. காரைதீவிற் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் சுவாமி விபுலாநந்தர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1942ஆம் ஆண்டிலே கல்முனையில் உதவி அரசாங்க அதிபராய் அமர்ந்த காலை, அடிகளாரோடு பழகித் தமிழ்ப்பற்றும் சமூகத் தொண்டும் மேலோங்கப் பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. பின்னர்க் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய அவர், தமிழே இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி என்பதை வற்புறுத்தி வந்தார்.

இவ்வளவு நெருக்கம் உள்ள இடத்தில் 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர் இயல்பாகவே பொருந்தியிருத்தல் வேண்டும் என்று ஒருவர் கருதலாம். வரலாறோ வேறு விதமாய் அமைந்தது. அதன் காரணத்தை அறிய, சொல்லின் இலக்கணத்தை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

ஆங்கிலத்திலே பெயர்ச்சொல் ஒன்றும் வினையடியாகப் பிறந்த எச்சச்சொல் ஒன்றும் சேர்ந்து அடைமொழியாதல் பெருவழக்கு. அவ்வாறு சேர்ந்த இரண்டும் பெயர்க்கு முன் நிற்குங்கால், அவற்றிடையே சிறு கோடொன்று இடுவர். அக்கோடு அணியன்று, இவ்விரண்டும் சேர்ந்தே பின்வரும் பெயரைத் தழுவுகின்றன என்பதை அறிவிக்கும் குறி. கோடு நீங்கினால், முன் நிற்கும் வேறொரு சொல் எதனோடு இயைகின்றது என்பதில் ஐயம் பிறக்கும். இவ்வையம் வெறும் இலக்கண ஐயமாய் நில்லாது அரசியல் ஐயமாகவும் வளர்ந்தமையைப் பின்னர்க் காண்போம்.

தமிழிலே 'தமிழ் பேசும்' என்பது 'தமிழைப் பேசும்' என விரியும். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நின்றது. 'பேசும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறனுள் ஒன்றன் பெயரைப் பெயரெச்சம் கொண்டு முடியும் என்பது நன்னூல் காட்டும் நெறி. ஆகவே, 'தமிழ் பேசும் மக்கள்' என வினைமுதலையும், 'தமிழ் பேசும் மாகாணம்' என நிலத்தையும் அது தழுவவல்லது. மக்களையும் நிலத்தையும் ஒரே அடைமொழியாற் பிணிக்கும் இவ்வாற்றலே, அரசியலார் இதனை விரும்பியமைக்கு ஒரு காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. 'தமிழ்' என்னும் தனிச்சொல்லை மக்களுக்கு அடையாக்கினால், அது பிறப்பு, மரபு, மொழி ஆகிய மூன்றனையும் ஒருங்கே சுட்டும். 'தமிழ் பேசும்' என்றாலோ, சொல்லளவில் அது செயலொன்றையே சுட்டுகின்றது. பேசுவோர் யார், எவ்வழி வந்தோர், எதனை வழிபடுவோர் என்பன பற்றி அது வாய்திறப்பதில்லை. எனவே, தமிழர் என்று தம்மை அழைக்க விரும்பாதோரையும் அணைத்துக்கொள்ளும் அகலம் அதற்கு உண்டு. ஆனால், அகலம் உடைய சொல்லுக்கு ஆழம் குறைவு. சந்தையிலே தமிழிற் பேரம் பேசும் சிங்கள வணிகரும் சொற்பொருளால் தமிழ் பேசுவோரே. அவரை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை. ஆகையால், வழக்கிலே இத்தொடர் வீட்டுமொழியாகத் தமிழைக் கொண்டோரையே குறிக்கின்றது என்று கொள்ளல் வேண்டும். அவ்வாறு கொண்ட மாத்திரத்தில், 'வீட்டுமொழி ஒன்றானால் இனமும் ஒன்றோ?' என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டே எழுப்பிவிட்டது. அக்காலத்துச் சட்டநிரூபண சபையிலே முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் இருந்திலர். தமிழ் உறுப்பினரே அவர்க்கும் உரியவராய்க் கருதப்பட்டார். அவ்வுறுப்பினராய் விளங்கிய பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், 1888ஆம் ஆண்டிலே றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஆய்வுரையொன்று நிகழ்த்தினார். மொழி, பழக்கவழக்கம் முதலியவற்றை ஆதாரமாய்க் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என நிறுவ முயன்றார். அடுத்த ஆண்டாகிய 1889இலே முஸ்லிம்களுக்குத் தனி உறுப்புரிமை கிடைத்தது, எம். ஸி. அப்துல் ரகுமான் அவர்கள் நியமனம் பெற்றார். ஆயினும், இராமநாதனின் ஆய்வுரைக்கு மறுப்பு 1907ஆம் ஆண்டிலே நூலாய் வந்தது. அதனை எழுதியவர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அவர்கள். முன்னோர் அரபு நாட்டினின்றும் வந்தோர் என்பதும், வாணிகத்தின் பொருட்டும் உறவின் பொருட்டும் ஒரு மொழியை ஏற்றுக்கொண்டமை இனத்தை மாற்றாது என்பதும் அவர் வாதம்.

இவ்விரு வாதங்களுள் இனவியல் உண்மை எது என்று தீர்ப்பது ஈண்டு எமது நோக்கமன்று. நாம் நோக்க வேண்டியது வேறொன்று. இராமநாதன் பேசியது ஒரு சமூகத்தைப் பற்றி. ஆனால், அச்சமூகத்தாரை வினவிப் பேசியதன்று. தனி உறுப்புரிமை வேண்டி அவர்கள் நின்ற காலத்தில் அவ்வுரை நிகழ்ந்தமையால், ஆய்வுரை அரசியலுரையாகவே அவர் செவியிற் பட்டது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர்க் கைதான சிங்களத் தலைவர்களின் சார்பிலே இராமநாதன் வாதாடியமை அப்புண்ணை மேலும் ஆழமாக்கிற்று. இதன்பின் எத்தமிழ்த் தலைவராயினும் முஸ்லிம்களைத் 'தமிழர்' என்று அழைக்க முயன்றால், 1888இன் நினைவு அங்கே வந்து நின்றது.

ஆகவே, 1949ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலங்கைத் தமிழ் அரசுக் கட்சியைத் தோற்றுவித்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர்க்கு வேறொரு சொல் வேண்டியதாயிற்று. வடக்கு கிழக்குத் தமிழர், முஸ்லிம்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் உரிமை இழந்த மலையகத் தோட்டத் தமிழர் ஆகிய முத்திறத்தாரையும் ஒருங்கே சுட்டும் சொல் அது. 'தமிழ் பேசும்' என்னும் அடைமொழி அத்தேவையை நிறைவு செய்தது. அது சூழ்ச்சியாற் பிறந்த சொல்லன்று. முன்னைய தலைமுறை செய்த பிழையைத் திருத்த விழைந்த நல்லெண்ணத்தின் சொல்லே என்பதை மறத்தலாகாது.

1951ஆம் ஆண்டு ஏப்ரலிலே திருகோணமலையிற் கூடிய அக்கட்சியின் முதல் தேசிய மாநாட்டுத் தீர்மானம், இலங்கையிலுள்ள தமிழ் பேசும் மக்கள் சிங்களரினின்றும் வேறான ஒரு தேசிய இனம் என்று சாற்றிற்று. அதற்கு மூன்று சான்றுகளைக் காட்டிற்று: தனி வரலாறு, தனி மொழி, தொன்றுதொட்டு வாழும் நிலப்பரப்பு. ஆங்கில வாசகத்திலே 'பீப்பிள்' என்னும் ஒருமைச் சொல் நிற்கின்றது. அடைமொழி பலரையும் அணைத்தது. அதன் பின் நின்ற பெயரோ அவர்களை ஒன்றாக்கிற்று. மொழியும் நிலமும் கல்முனை முஸ்லிம்களுக்கும் பொருந்துவனவே. ஆனால், தீவிற் பழந்தமிழர் வரலாற்றை உள்ளடக்கிய முதற்சான்றிலே தம் முன்னோரை அரபு வணிகர் வழியிற் காண்போர் தம்மைக் காணுதல் அரிது. தமிழிலே 'மக்கள்' என்னும் சொல் ஒரு மக்களையும் பல மக்களையும் குறிக்குமாதலால், தமிழில் வாசிப்போர்க்கு இவ்வேறுபாடு புலப்படவில்லை. சிக்கல் முழுவதும் ஆங்கில வாசகத்தின் ஒருமையில் மறைந்து கிடந்தது.

தொடக்கத்தில் அடைமொழி வெற்றி பெற்றது என்றே சொல்லல் வேண்டும். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் முழக்கம் எழுந்த 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தமிழ் அரசுக் கட்சி வென்ற பத்துத் தொகுதிகளுள் இரண்டு இக்கடற்கரையைச் சேர்ந்தன. கல்முனையில் எம். எஸ். காரியப்பர் அவர்களும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபா அவர்களும் அக்கட்சியின் வேட்பாளராய் நின்று வென்றனர். அரசகரும மொழி பறிபோகும் அச்சம், இந்துவையும் முஸ்லிமையும் ஒரு பெட்டியில் வாக்கிடச் செய்தது. ஆயினும், இருவரும் பின்னர் அரசாங்கத் தரப்போடு சேர்ந்தனர். முஸ்தபா 1959இலே நிதி அமைச்சராகவும் ஆனார். கட்சி மாறினார் என்று அவரைப் பழிப்பது எளிது. ஆனால், நாடெங்கும் சிதறி, மூன்றில் இரு பங்கினர் வடக்கு கிழக்குக்கு வெளியே சிங்களரிடையே வாழும் ஒரு சமூகத்தின் நோக்கு, ஒரே நிலப்பரப்பிற் செறிந்து வாழும் சமூகத்தின் நோக்கோடு முற்றும் ஒத்திருத்தல் இயலாது என்பதையும் நினைத்தல் வேண்டும். மறுபுறம், மருதமுனையைச் சேர்ந்த மசூர் மௌலானா போன்றோர் அக்கட்சியோடு நெடுங்காலம் நின்றமையும் வரலாறே.

இனி, உடன்படிக்கைகளை நோக்குவோம். 1957ஆம் ஆண்டு ஜூலையில் எழுந்த பண்டாரநாயக்க-செல்வநாயகம் உடன்படிக்கை, வடக்கு கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழாதல் வேண்டும் என்றும், அங்கு வாழும் தமிழ் பேசாத சிறுபான்மையினர்க்கு வேண்டும் ஏற்பாடுகள் செய்யப்படும் என்றும் கூறிற்று. இங்கே நமது அடைமொழி எதிர்மறை வடிவிலே தோன்றுகின்றது. இவ்வாசகத்தின்படி கிழக்கின் முஸ்லிம்கள் சிறுபான்மையினர் அல்லர். தமிழ் பேசும் பெரும்பான்மையின் ஒரு கூறு. மொழி பற்றிய ஏற்பாட்டுக்கு அது முற்றும் பொருந்திய பகுப்பே. அவ்வுடன்படிக்கை 1958ஆம் ஆண்டு ஏப்ரலிலே கைவிடப்பட்டது.

1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து டட்லி சேனநாயக்க-செல்வநாயகம் உடன்படிக்கையிலே அடைமொழி நிலத்தின்மேற் கால் வைத்தது. குடியேற்றத் திட்டங்களில் வடக்கு கிழக்கு நிலங்களைப் பகிர்தற்கு அது மூன்று படிகளை வகுத்தது. முதலாவது, அம்மாவட்டத்து நிலமற்றோர். இரண்டாவது, வடக்கு கிழக்கு மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோர். மூன்றாவது, நாட்டின் பிற குடிமக்கள், அவருள்ளும் ஏனைய பகுதிகளில் வாழும் தமிழர்க்கு முன்னுரிமை. இரண்டாம் படியில் 'தமிழ் பேசும்' என்றும் மூன்றாம் படியில் 'தமிழ்' என்றும் சொல் மாறியமை கருதத்தக்கது. நிந்தவூரின் நிலமற்ற முஸ்லிம் உழவர் இரண்டாம் படியில் உரிமை பெறுவார். காலியிலோ கண்டியிலோ வாழும், வீட்டிலே தமிழே பேசும் முஸ்லிம் ஒருவர் மூன்றாம் படியின் முன்னுரிமையைப் பெறார். ஒரே உடன்படிக்கையிற் கதவு ஓரிடத்தில் அகலவும் மற்றோரிடத்திற் குறுகவும் கண்டோம். வரைந்தோர் இதனை எண்ணிச் செய்தனர் என்று கூற யாம் துணியோம். ஆயின், சொல்லின் அகலம் பேசுவோர் தேவைக்கேற்ப விரிந்து சுருங்கியது என்பது புலனாகின்றது.

நிலம் இக்கரையில் வெறும் வாதப்பொருளன்று. 1949ஆம் ஆண்டிலே அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ், இங்கினியாகலையில் எழுந்த அணையின் நீரைக்கொண்டு பெருங் குடியேற்றம் நிகழ்ந்தது. 1956ஆம் ஆண்டு ஜூனிலே அக்குடியேற்றப் பகுதியிற் கொடிய இனக்கலவரம் மூண்டது. 1961ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாவட்டத்திலே முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 43, சிங்களர் 39, தமிழர் 17 என்னும் அளவினர். தமிழ் பேசுவோர் என்று கூட்டிக் கணக்கிட்டால் அவர்கள் பெரும்பான்மையினர். பிரித்துக் கணக்கிட்டால் எவரும் பாதியை எட்டார். இக்கரையில் ஓர் அடைமொழிக்கு எத்துணைப் பெறுமதி உண்டு என்பதை இவ்வெண்கள் காட்டும்.

1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டை நாடியது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியினர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்றனர். அவர்களுள் ஒருவரேனும் வெல்லவில்லை. அவ்வணியிலே தோன்றிப் பேசிய இளம் வழக்கறிஞர் எம். எச். எம். அஷ்ரப், சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். அவரே 1981ஆம் ஆண்டிலே காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசைத் தோற்றுவித்தார். 1986இல் அது அரசியற் கட்சியாயிற்று. தமிழிற் கவிதை பாடிய, 'நான் எனும் நீ' என்னும் பெருந்தொகுதியை வெளியிட்ட ஒருவரே முஸ்லிம்களின் தனி அரசியலை நிறுவினார் என்பது நம் ஆராய்ச்சிக்கு முதன்மையான செய்தி. தமிழ்மேல் அவர்க்கிருந்த பற்றுக் குறைந்தமையால் அப்பிரிவு நிகழ்ந்ததன்று. மொழிப்பற்று வேறு, அரசியற் கூட்டு வேறு என்பதே அதனாற் பெறப்படும்.

1987ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாளின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலே நமது அடைமொழி மீண்டும் தோன்றுகின்றது. வடக்கு கிழக்கு மாகாணங்கள் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடங்கள் என்றும், அவர்கள் அங்கே ஏனைய இனத்தாரோடு கூடி வாழ்ந்து வந்துள்ளனர் என்றும் அது ஏற்றுக்கொள்கின்றது. இங்கே இரண்டு நுட்பங்கள் உள. முதலாவது, 1951இன் ஒருமை 'பீப்பிள்' இப்போது 'பீப்பிள்ஸ்' எனப் பன்மையாயிற்று. ஒரே மொழியைப் பேசுவோர் ஒன்றுக்கு மேற்பட்ட மக்களாதல் கூடும் என்பதற்கு அப்பன்மை இடந்தந்தது. இரண்டாவது, பரவலாக அச்சிடப்பட்ட ஆங்கில வாசகத்தில் இடைக்கோடு இல்லை. அதனால் 'இலங்கை' என்னும் சொல் மக்களோடு இயைந்து, 'தமிழ் பேசும் இலங்கை மக்கள்' என்று பொருள்படுமோ, அன்றி 'இலங்கைத் தமிழ்' என ஒரு கூட்டாய் நின்று பிறரை விலக்குமோ என்னும் ஐயம் எஞ்சுகின்றது. முன்னையது கல்முனையை உள்ளடக்கும். பின்னையது அதனை 'ஏனைய இனத்தார்' வரிசையில் நிறுத்தவும் கூடும். எழுதுகோலின் சிறு கீற்றொன்று இல்லாமையால் ஒரு சமூகம் முழுவதும் வாசலில் நிற்கின்றது. அவ்வொப்பந்தத்தில் முஸ்லிம்கள் ஒரு தரப்பாய் அமையவில்லை. அவர்களைக் கலந்துகொள்ளாது இரு மாகாணங்களையும் இணைத்தமை அஷ்ரப் முதலியோரின் பெருங் குறையாயிற்று.

1990ஆம் ஆண்டு அடைமொழியின்மேற் குருதி படிந்தது. ஆகஸ்ட் மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். ஏறாவூரிலும் படுகொலை நிகழ்ந்தது. அதே மாதத்திலே இக்கரைக்கு அண்மையிலுள்ள வீரமுனையில் அடைக்கலம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினர். வெளியேறும்படி ஆணையிட்டோரும் தமிழே பேசினர். ஆணையைக் கேட்டோரும் தமிழே பேசினர். மொழி ஒருமைப்பாடு தானே பாதுகாவலாகிவிடும் என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது. இதன் பின்னர் மேடைகளில் 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடரைக் கேட்ட முஸ்லிம்களுக்கு அது அழைப்பாக ஒலித்ததா, கணக்கெடுப்பாக ஒலித்ததா என்பதை அவர்கள் நிலையில் நின்றே உணர்தல் வேண்டும்.

பிற நாடுகளிலும் இத்தகைய இணைச்சொற்கள் உள. பெல்ஜியத்தின் கிழக்கெல்லையில் ஜெர்மன் மொழி பேசும் சிறுபகுதி ஒன்றுண்டு. 1984ஆம் ஆண்டு முதல் அது 'ஜெர்மன் மொழி பேசும் சமூகம்' என்னும் பெயரோடு தன்னாட்சிச் சபையும் அரசும் உடையதாய் விளங்குகின்றது. 'ஜெர்மானியர்' என்று அவர்கள் தம்மை அழைப்பதில்லை. ஜெர்மன் பேசும் பெல்ஜியர் என்பதே அவர் கூற்று. இரு உலகப் போர்களின் வரலாறு அதற்குக் காரணம். அங்கே அடைமொழி பொருந்தியிருப்பதற்கு ஏது, அதனை அவர்கள் தம் பெயராய்த் தாமே ஏற்றுக்கொண்டமை. தமிழகத்திலோ முஸ்லிம்கள் பலர் 'இசுலாமியத் தமிழர்' என்றே தம்மைக் கூறத் தயங்குவதில்லை. ஆங்குத் தமிழர் என்னும் சொல் சட்டநிரூபண சபையின் உறுப்புரிமைப் போட்டியோடு பிணைந்ததன்று. கல்முனைக்குடியிற் பிறந்த மொழியியலறிஞர் எம். ஏ. நுஃமான் அவர்கள், இலங்கை முஸ்லிம்களின் இனத்துவ அடையாளம் மொழியை அன்றி மதத்தையே அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது என்பதைத் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். ஆகவே, ஒரே மொழியும் ஒரே மதமும் பாக்கு நீரிணையின் இருகரையிலும் வேறுவேறு பெயர்களை விளைத்தன. பெயரை விளைப்பது வரலாறேயன்றி இலக்கணம் அன்று.

இவற்றால் 'தமிழ் பேசும்' என்னும் அடைமொழி பயனற்றது என்பது பெறப்படுமோ எனின், அன்று. அது எங்கே செவ்விதிற் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே பெறப்படும்.

மொழியுரிமை பற்றிய இடங்களில் இதனினும் செவ்விய சொல் வேறில்லை. 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டுப் பதினாறாம் திருத்தம் நிருவாகத்தில் அதன் இடத்தை விரித்துரைத்தது. பொத்துவிலிலே தோணி வைத்துப் பிழைக்கும் ஒருவர்க்குத் தாம் வாசிக்கவியலாத மொழியில் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தால், அவர் வழிபடுமிடம் எதுவென்று வினவ வேண்டுவதில்லை. அவர் தமிழ் பேசுபவர், அதுவே போதும். காவல் நிலையத்தில் முறைப்பாடு எழுதுவிக்கும் பெண்ணும், மருத்துவமனையில் மருந்துச் சீட்டை வாசிக்கும் முதியவரும் அவ்வாறே. இங்கே அடைமொழி சுட்டும் செயலும் கோரும் உரிமையும் ஒன்றே, எனவே இடர்ப்பாடில்லை.

ஆனால், தேசிய இனம், தாயகம், பிரதிநிதித்துவம் என்பவற்றைப் பேசுமிடத்து, பேசும் மொழி ஒன்று மாத்திரம் சான்றாகாது. ஆங்கே 'தமிழ் பேசும் மக்கள்' என்று கூறுவார், அத்தொடருட் பன்மை உண்டென்பதை வெளிப்பட உரைத்தல் கடன். அப்பன்மையின் ஒவ்வொரு கூறும் தன் பெயரைத் தானே சொல்ல இடந்தருதலும் கடன். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றி 2019ஆம் ஆண்டிலே ஒருசாரார் உண்ணாநோன்பிருக்க, மறுசாரார் எதிர்நின்று போராடினர். இருசாராரின் முழக்கங்களும் பதாகைகளும் தமிழிலேயே இருந்தன. இணக்கமும் அத்தமிழிலேயே எழுதப்படல் வேண்டும். இடையே மொழிபெயர்ப்பாளர் வேண்டாத இரு சமூகங்களுக்கு அது அரிதாகிய செயலன்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிய காலை, இம்மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையையும் பாண்டிருப்பையும் காரைதீவையும் அறுகம்பேயையும் அலை வேறுபடுத்தவில்லை. ஆறு திங்களின் பின், மீள்கட்டுமானப் பொதுக்கட்டமைப்புக்கு அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் உடன்பட்ட பத்திரத்திலே, பெரிதும் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களின் கையொப்பத்துக்கு இடமிருக்கவில்லை. 1888இல் வினவாது விட்ட வினா 1987இலும் வினவப்படவில்லை; 2005இலும் வினவப்படவில்லை. 'நும்மை யாங்கள் எவ்வாறு அழைத்தல் வேண்டும்?' என்பதே அது. தமிழிலே வினவி, தமிழிலேயே விடை பெறத்தக்க வினா. அதனை வினவும் நாளிலேதான் 'தமிழ் பேசும்' என்னும் அடைமொழி, பிறரை எண்ணும் சொல்லாய் நில்லாது, ஒருவரோடொருவர் பேசும் சொல்லாய்ப் பொருள் நிறையும் என்க.